ஆயுத பூஜையன்று அணைத்த பெட்டி

திருப்பூரில் ஆயுத பூஜையன்று எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. ஓவர்லாக் மெஷினிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரி வரை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடாமல் விட்டுவிட வேண்டும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் மகனின் பனியன் யூனிட் இருந்தது. மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அதனால் கீழே தொடங்கும் பூஜை படியேறி மேலேயும் வந்துவிடும். மிக்சி, ஸ்கூட்டர், என் மூக்குக் கண்ணாடிக் கூடு என்று எதுவும் தப்பாது. அந்த வருடம் என் ஃபயர்வால் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. வந்த புதிதில், எங்கிருந்தோ நுழைந்த வைரஸ் ஒன்று மகனின் கம்ப்யூட்டரில் இருந்த பிரிண்ட் டிசைன்களைப் பாதிக்கும் மேல் தின்றுவிட்டது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அவன் ஆபீஸில் கழித்துக்கட்டியிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி, லினக்ஸ் ஏற்றி, டெலிபோன் மோடத்துக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நிறுத்தினேன். வெளியிலிருந்து எது உள்ளே வரலாம், உள்ளிருந்து எது வெளியே போகலாம் என்று வரி வரியாக விதிகள் எழுதினேன். புத்தகங்களைப் படித்தும், இணையத்தில் முகமறியாதவர்களிடம் கேள்வி கேட்டும் நானாகக் கற்றுக்கொண்டது அது. அதன் பிறகு ஒரு வைரஸ்கூட எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எத்தனையோ பாராட்டு விழாக்களில் சால்வை வாங்கியிருக்கிறேன். இந்தப் பெட்டி தந்த பெருமையை அவற்றில் ஒன்றும் தந்ததில்லை.

எத்தனை நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால் அந்தப் பெட்டி பதில் சொல்லும். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. தினமும் காலைக் காபிக்கு முன்னால் அதைக் கேட்டுவிடுவேன். திருப்பூரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பெட்டி யு.பி.எஸ்.ஸில் இருந்தது, யு.பி.எஸ். களைப்பதற்குள் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிவிடும். அப்படியே ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகளிடமெல்லாம் இதைச் சொல்வேன். அவர்கள் “அப்படீங்களா” என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டைப் பார்ப்பார்கள்.

என் தவறும் இந்தப் பெருமைக்குள்தான் இருந்தது. பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் நான் சேமித்து வைத்திருந்தது முதல் நாள் எழுதிய ஒரே ஒரு விதியை: எல்லாவற்றையும் அடை. அதற்குப் பின் ஒவ்வொரு தேவைக்காகவும் நான் சேர்த்த விதிகள் எல்லாம் ஓடுகிற நினைவகத்தில் மட்டும் இருந்தன. அணைத்தால் போய்விடும். இது எனக்குத் தெரியும். சேமிக்க இரண்டு வரி தட்டினால் போதும் என்பதும் தெரியும். அணையாத பெட்டிக்கு எதற்கு என்று நாளைக் கடத்தினேன். எழுதி முடித்ததும் ஒருமுறை திரும்பப் பார் என்று பணிக்காலம் முழுக்க மாணவர்களுக்குச் சொன்னவன் நான்.

என் மருமகள் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடும்பத்துப் பெண். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். கல்யாணமாகி வந்த பிறகு மகனின் ஆபீஸில் அவளுக்கென்று நாற்காலி எதுவும் போடவில்லை. அவளாக மாடியறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் குழந்தைகள் உடுப்பு விற்கும் சின்னக் கடை ஒன்றுக்கு மின்னஞ்சல் எழுதி, சாம்பிள் அனுப்பி, பல மாதம் பேசி ஓர் ஆர்டர் பிடித்திருந்தாள். அவளுடைய முதல் ஆர்டர். மகன் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். சாப்பிடும்போது எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான்.

“நீயே பாத்துக்க, நான் குறுக்க வரல. ஆனா இது கைய உட்டுப் போச்சுன்னா, அடுத்து எது வந்தாலும் ஆர்டர் பாக்கற ஆபீஸ் மெர்ச்சண்டைசர்கிட்டக் குடுத்துப்போடோணும். பேச்சு ஒண்ணுதான்.”

“சரிங்க” என்றாள் அவள். எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி மட்டும் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

ஆயுத பூஜையன்று காலையில் நான் பொரியும் கடலையும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாடியில் ஒட்டடைகூட மிச்சமில்லை. என் அறை மூலையில் பெட்டி அணைந்து கிடந்தது. அதன் பின்பக்கக் கேபிள்களையெல்லாம் உருவி, துடைத்து, மறுபடி மாட்டி, நெற்றியில் மூன்று விரல் சந்தனம் பூசி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள் மருமகள். விசிறிக்குள் சேர்ந்திருந்த பனியன் பஞ்சை ஒரு கைப்பிடி அளவுக்கு எடுத்துக் காகிதத்தில் வைத்திருந்தாள்.

“பாருங்க மாமா, எவ்வளவு பஞ்சு. பாவம், இது எப்புடித்தான் மூச்சு உட்டுதோ.”

ஒரு வருடமாகச் சேர்த்த விதிகள் அதோடு போய்விட்டன. ஆனாலும் “நல்லாப் பண்ணியிருக்கற கண்ணு” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பூஜையில் வைத்த பொருளை அன்று உயிர்ப்பிக்கவும் முடியாது.

மறுபூஜை முடிந்த விஜயதசமி காலையில் எல்லாவற்றையும் ஓட விட்டோம். கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் எழுப்பின. மருமகள் தன் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். சற்று நேரத்தில் என் அறை வாசலுக்கு வந்தாள்.

“மாமா, நெட்டு வர மாட்டீங்குதுங்க.”

ஜெர்மன்காரர்களுக்கு ஆயுத பூஜை ஏது? முந்தின நாளே டி-ஷர்ட்டின் மார்பில் அடிக்க வேண்டிய பிரிண்டின் இறுதிப் படத்தை அவர்களுடைய சர்வரில் போட்டுவிட்டு, இவளுக்கு போன் செய்து சொல்லியிருந்தார்கள். அதை இறக்கிப் பார்த்து, அளவும் நிறமும் சரியென்று ஒப்புதலை விஜயதசமியன்று அவர்கள் கடை மூடுவதற்குள் ஏற்றிவிட வேண்டும். தவறினால் பிரிண்டையும் தையலையும் வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு யூனிட்டும் அதே சாம்பிளைத் தைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது அவளுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டருக்கு ஓடவும் வழியில்லை. அந்த சர்வர் எங்கள் வீட்டு இணைப்பின் எண்ணை மட்டும்தான் உள்ளே விடும்.

மகன் மேலே வந்தான். சட்டைப் பையில் பொரி.

“அந்தப் பொட்டியத் தூக்கி அக்கட்ட வெச்சுப்போட்டு, மோடத்த நேரா இவ கம்ப்யூட்டர்ல மாட்டுங்கப்பா. முடிஞ்சுது சோலி.”

அவன் சொன்னது நடக்கக் கூடியதுதான். சிறிது நேர வேலை. அதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று நான், “மறுபடியும் வைரஸ் வந்து டிசைனைத் தின்னட்டுமா?” என்று கேட்டேன். அந்தப் பயம் உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, என் பெட்டி இல்லாமல் அந்த வீட்டில் இணையம் ஓடுவதை என்னால் பார்க்க முடியாது என்பது. “மத்தியானம் வரைக்கும் உடு” என்றேன்.

“மத்தியானம் தாண்டுனா நானே மாட்டிப்போடுவேனுங்க” என்று சொல்லிவிட்டு அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “பொட்டிய எதுக்கு நோண்டுன நீ?”

அவள் எனக்குப் பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பெட்டியின் பின்பக்கம் பார்த்ததும் ஒரு விஷயம் புரிந்தது. இரண்டு கார்டுகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மோடத்திலிருந்து வரும் கேபிளும் வீட்டுக்குள் போகும் கேபிளும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன. விளக்குகள் இரண்டும் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வராது. பெட்டியைப் பொறுத்தவரை தெரு வீடாகிவிட்டது, வீடு தெருவாகிவிட்டது. உருவி மாற்றினேன்.

“கேபிள் மாறிப்போயிருக்குது” என்று உரக்கச் சொன்னேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான உண்மை அதுதான். கேபிள் மாறியிருந்தது உண்மை. அதைச் சரிசெய்ய ஆன நேரம் ஒரு தும்மல் அளவு. அதற்குப் பிறகும் இணையம் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். விதிகளின் பட்டியலைக் கேட்டேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: எல்லாவற்றையும் அடை. மகனும் மருமகளும் என் மனைவியும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். கேபிளைப் பிடுங்கியதால்தான் பெட்டிக்குள் எல்லாம் கலைந்துவிட்டது என்று அவர்கள் எண்ணினார்கள். நான் திருத்தவில்லை.

“பொட்டிக்குச் சந்தனம் பத்தல போலிருக்குதுங்க” என்றாள் என் மனைவி. “கோவிச்சுக்கிச்சு.”

மகன் சிரிக்காமல் கீழே போனான். எனக்கு முன்னால் வெறும் திரையும், நினைவில் பாதி தேய்ந்த ஒரு வருட வேலையும் இருந்தன. எந்த விதியை எதற்காகச் சேர்த்தேன் என்பது எல்லாம் நினைவில் இல்லை. வேறு வழி யோசித்தேன். பெட்டி எதையெல்லாம் தடுக்கிறதோ அதை உடனுக்குடன் திரையில் காட்டும்படி செய்தேன். உள்ளேயிருந்து யாராவது வெளியே போக முயன்றால், எந்த எண்ணுள்ள வாசலைத் தட்டினார்கள் என்று ஒரு வரி ஓடும். அந்த வாசல் நியாயமானதா என்று யோசித்து, நியாயம் என்றால் மட்டும் திறந்தேன். எதைத் திறக்க வேண்டும் என்பதை வீட்டிலிருப்பவர்களின் வேலையே எனக்குச் சொல்லியது.

மருமகள் அவள் அறையில், நான் என் அறையில். நடுவில் கூடம். அங்கே என் மனைவி பூஜைப் பாத்திரங்களைத் துடைத்தபடி, எங்கள் இருவர் குரலையும் இரண்டு பக்கமும் கடத்திக்கொண்டிருந்தாள்.

“இப்ப அமுக்கு கண்ணு.”

“அமுக்கச் சொல்றாருடி.”

“அமுக்கீட்டனுங்க.”

“அமுக்கீட்டாளாமுங்க.”

முதலில் பெயரை எண்ணாக மாற்றித் தரும் வாசல். பிறகு இணையப் பக்கங்களின் வாசல். அவள் அறையிலிருந்து “வந்துருச்சுங்க மாமா” என்று குரல் வந்தபோது, என் மனைவி குத்துவிளக்கைக் கீழே வைத்துவிட்டு “வந்துருச்சாமா” என்றாள், ஏதோ ரயில் வந்த மாதிரி. அடுத்து மின்னஞ்சல் வருகிற வாசல், போகிற வாசல். கீழே மகனின் வங்கிக் கணக்குக்கான வாசல். பெரும்பாலானவற்றை ஒரே தட்டலில் பிடித்தேன். விரல்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. வகுப்பறையில் கரும்பலகை முழுக்க ஒரு கணக்கை நிறுத்தாமல் போட்டு முடிக்கும்போது வருகிற ஒரு சூடு காதுமடலில் ஏறும். அது ஓய்வு பெற்ற பிறகு அன்றுதான் மீண்டும் வந்தது.

ஜெர்மன் சர்வர் மட்டும் சண்டித்தனம் செய்தது. வாசலைத் திறந்தேன். பெயரும் கடவுச்சொல்லும் ஏற்றுக்கொண்டது.

“உள்ள போயிட்டனுங்க மாமா. ஆனா ஒண்ணுங் காட்ட மாட்டீங்குது. பேசுது, தர மாட்டீங்குது.”

“பேசுதாமா, தர மாட்டீங்குதாமா” என்றாள் என் மனைவி. “உங்க அக்கா ஊட்டுக்காரராட்டம்.”

நான் திரையைப் பார்த்தேன். முயலும்போதெல்லாம் வெவ்வேறு எண்ணில் ஒரு வரி தடுக்கப்பட்டு ஓடியது. ஒரு முறை வந்த எண் மறுமுறை வரவில்லை. எந்த வாசலைத் திறப்பது? வெயில் ஜன்னலைத் தாண்டித் தரைக்கு வந்திருந்தது. எல்லா வாசலையும் திறந்துபோட்டால் வேலை முடியும். அதற்கு ஃபயர்வாலே வேண்டாம். மகன் சொன்னதைச் செய்துவிட்டுப் போகலாம். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியில் யாரோ கூப்பிட்டு அவன் திரும்பிப் போனான்.

கீழே தெருவில் ஒரு வேன் வந்து நின்று துணி ரோல்களை இறக்கத் தொடங்கியது. பேசுவதெல்லாம் முன்வாசலில், சரக்கு இறக்குவது பக்கத்து ஷட்டரில். எங்கள் யூனிட்டில் எப்போதும் அப்படித்தான். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு நினைவு வந்தது. கோப்புகளைக் கொண்டுபோக அந்த ஜெர்மன் சர்வர் வைத்திருந்த பழைய முறையும் இதே வழக்கம் உள்ளதுதான். பேச்சு ஒரு வாசலில் நடக்கும். சரக்கு எந்த வாசலில் என்று அந்தப் பேச்சின் நடுவிலேயே ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு, சொன்ன ஒரு வாசலை மட்டும், அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடத் துணைநிரல் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. போன வருடம் அதை ஏற்றியிருந்தேன். மற்ற விதிகளோடு அதுவும் போய்விட்டிருந்தது. ஒரு வரி தட்டி மறுபடி ஏற்றினேன்.

“இப்ப அமுக்கு.”

இந்த முறை என் மனைவி கடத்தவில்லை. அவளே எழுந்து மருமகள் அறை வாசலில் போய் நின்றாள். பிறகு மருமகள் வெளியே வந்தாள். இரண்டு கையாலும் கழுத்துக்குக் கீழே ஒரு பெரிய சதுரம் வரைந்து காட்டினாள். படம் வந்துவிட்டது. மஞ்சள் கன்றுக்குட்டி ஒன்று, கொம்பில் பூவோடு. காங்கேயம் கன்று என்று நான் சொன்னேன். அவள், ஜெர்மன் கன்றுங்க மாமா என்றாள். ஒப்புதலை அவள் ஏற்றியபோது மத்தியானம் ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை, எல்லா விதிகளையும் ஹார்ட் டிஸ்கில் சேமித்தது. யாரும் பார்க்காதபோது செய்தேன்.

மகன் வந்து என் தோளைத் தொட்டான். “சாதிச்சுப்போட்டீங்கப்பா” என்றான். அன்று மாலை கீழே வேலை செய்தவர்கள் முன்னாலும் சொன்னான். கட்டிங் மாஸ்டர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். எழுபதை நெருங்கும் வயதில், யார் உதவியும் இல்லாமல், வெறுமையாய்ப் போன ஒரு பெட்டியை மத்தியானத்துக்குள் திரும்ப எழுப்பியவன் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் அதே மூச்சில் மகன் மருமகளிடம், “இனி அந்தப் பொட்டிப் பக்கம் போகாத. அப்பா ரூம்ல பூட்டி வெச்சரலாம். எதுன்னாலும் அவரக் கேட்டுக்க” என்றான். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. பொரியை மென்றுகொண்டிருந்தேன்.

பெட்டியையும் மோடத்தையும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தார்கள். சாவி என்னிடம். மோடம் அவ்வப்போது உறைந்துபோகும். ஒரு முறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அதற்குக்கூட அவள் என்னிடம் வந்து நிற்க வேண்டும். நான் தூங்கினால் எழும்வரை காத்திருப்பாள். வாங்கிய ஆர்டரை நன்றாக முடித்தாள், அடுத்ததும் வந்தது. ஆனாலும் என் அறை வாசலில் வந்து தயங்கும்போது, தவறு செய்தவள் போலத்தான் நின்றாள். “மன்னிச்சுக்கோங்க மாமா, ஒருக்கா அணைச்சுப் போடறீங்களா?”

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் காங்கேயம் போனோம். சாவி என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. திரும்பி வர இருட்டாகிவிட்டது. மருமகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே மோடம் உறைந்துவிட்டதாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சிவப்பு விளக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கைக்கு எட்டும் தூரம்தான். ஜெர்மன்காரர்கள் கேட்ட விவரத்தை அவர்கள் சர்வரில் ஏற்ற முடியாமல், போன் போட்டு ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள்.

“என்னன்னு சொன்ன?” என்று கேட்டேன்.

“சாவி ஊருக்குப் போயிருக்குதுன்னு சொன்னனுங்க. அவீங்களுக்குப் புரியல.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். மறுநாள் காலை டிபனின்போது, மகனும் இருக்கும்போது, சொன்னேன். கேபிள் மாறியது ஒரு நிமிட வேலை என்றேன். விதிகளை நான் சேமிக்கவே இல்லை, யார் அணைத்திருந்தாலும், மின்சாரமே அணைத்திருந்தாலும் அன்று அதுதான் நடந்திருக்கும் என்றேன். தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்றேன்.

மகன் இட்லியைப் பிட்டபடி வைத்திருந்தான். “நீயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல?” என்று தன் மனைவியைக் கேட்டான்.

“எனக்குத் தெரிஞ்சாத்தானுங்க சொல்றதுக்கு” என்றாள் அவள். “இத்தன நாளும் நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

மருமகள் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “சாவியக் குடுங்க மாமா. பாஸ்வேர்டும் வேணும்” என்றாள். கொடுத்தேன். கைகழுவிவிட்டு நேராக என் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவள் யாரையும் கேட்கவில்லை. பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்தாள். விசிறி நின்றது. உள்ளே ஏதோ ஒன்று கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது.

சேமித்திருந்தேன், ஆனால் சேமித்தபின் ஒருமுறைகூட அணைத்துப் பார்க்கத் துணிந்ததில்லை.

அவள் மறுபடி ஆன் செய்தாள். எழுத்துகள் ஓடின, நின்றன, ஓடின. விதிகளின் பட்டியலைக் கேட்கும் கட்டளையை நான் சொல்ல, அவள் தட்டினாள். பெயர் மாற்றும் வாசல், பக்கங்களின் வாசல், அஞ்சல் இரண்டு, வங்கி, ஜெர்மன் சர்வர், துணைநிரல் என்று ஒரு வரியும் குறையாமல் வரிசையாக இறங்கி வந்தன. அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பெரிய வேலைதானுங்க மாமா இது” என்றாள்.

மகன், “அலமாரியே வேண்டாம், எடுத்துரலாம்” என்று மெதுவாகச் சொன்னான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பாஸ்வேர்டை மாற்றும் கட்டளை என்ன என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் புது பாஸ்வேர்டைத் தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.